முதல் ஆட்டத்தில் தோற்ற பிள்ளைகளுக்கு இன்னோர் ஆட்டம் கொடுங்கள்

பள்ளிப் பெண்கள் கூடைப்பந்துப் போட்டிகளை நடத்தும் குறுவட்ட, மாவட்டப் பொறுப்பாளர்களுக்கும், ஃபிக்ஸர் (யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணை) போடும் மூத்த உடற்கல்வி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னை அடையாளம் தெரியும். அரசு உயர்நிலைப் பள்ளியில் 26 வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இன்றைக்கும் எங்கள் பள்ளி அணி எங்கே ஆடினாலும் கோர்ட் ஓரத்தில் தண்ணீர்க் கேனோடு ஓர் அம்மா நிற்பாரே, அது நான்தான். பணியில் இருந்தபோது வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் மறு வருடம் எங்கள் அணி முதல் சுற்றில் யாரோடு மோதியிருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்போது அந்தப் பயம் இல்லை, எழுதுகிறேன்.

போன சீசனில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். ஓர் ஊரில் மட்டும் நடப்பதாக இருந்தால் மடல் எதற்கு, போன் போட்டுப் பேசியிருப்பேன்.

காலை எட்டரைக்கு வந்து பெயர் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து முதல் பஸ் 5.10-க்கு. அதை விட்டால் அடுத்தது ஏழு மணிக்கு மேல்தான். பன்னிரண்டு பிள்ளைகளும் நாலு மணிக்கே எழுந்து, தலைசீவி, இட்லிப் பொட்டலத்தோடு வந்துவிட்டார்கள். எட்டேகாலுக்கு மைதானத்தில் இருந்தோம். சிறப்பு விருந்தினர் வந்தபோது பத்தேமுக்கால். கொடியேற்றம், உறுதிமொழி, சால்வை, பேச்சு. எங்கள் ஆட்டத்துக்கு விசில் அடித்தபோது மணி இரண்டு இருபது. இட்லி எப்போதோ தீர்ந்திருந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்தே பிள்ளைகள் களைத்துப்போயிருந்தார்கள்.

ஸ்கோர் எழுதும் டேபிளுக்குப் போனால், "நேரமாயிடுச்சு டீச்சர். குவார்ட்டருக்கு ஆறு நிமிஷம், கடிகாரம் நிக்காது" என்றார்கள். சரி. பந்தை வாங்கிப் பார்த்தேன். 7-ஆம் எண், ஆண்கள் ஆடும் பெரிய பந்து. பெண்களுக்கு 6-ஆம் எண். கேட்டதற்கு, "6-ல காத்து நிக்கல" என்று பதில். ஆக நாலு குவார்ட்டருக்கும் சேர்த்து மொத்தம் 24 நிமிடம். பந்து வேலிக்கு அப்பால் உருண்டு, அதை ஒரு பையன் எடுத்து வந்த நேரமும் அதில் சேர்த்தி. 9-14 என்று தோற்றோம்.

எட்டுப் பேரைத்தான் இறக்க முடிந்தது. இரண்டு, மூன்று புள்ளி வித்தியாசத்தில் போகிற ஆட்டத்தில் ஒன்பதாவது பெண்ணை இறக்க எந்த டீச்சருக்கும் கை வராது, எனக்கும் வந்திருக்காது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி காலையிலேயே கம்மலைக் கழற்றி, திருகாணியோடு தாளில் மடித்து என்னிடம் கொடுத்து வைத்திருந்தாள். நகை போட்டுக்கொண்டு ஆடக் கூடாது என்பது விதி. அதைச் சொல்லி அவள் அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் இரண்டு நாள் ஆகியிருந்தது. மூன்று மணிக்கு அந்தப் பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டாள். ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. "அடுத்த மேட்ச் எப்ப டீச்சர்?" என்று கேட்டாள். அடுத்த வருஷம் என்று சொல்ல மனசு வராமல், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். முதல் ஆட்டத்தில் தோற்ற அணிகளை அன்றைக்கே ஒன்றோடொன்று மோதவிடுங்கள். வந்த எந்த அணியும் ஒரே ஆட்டத்தோடு திரும்பிப் போகக் கூடாது.

உடனே "லீக் வைக்க நாளேது, கோர்ட்டேது" என்பீர்கள். எல்லா அணியும் எல்லா அணியோடும் ஆடுகிற லீக்கை நான் கேட்கவில்லை. எட்டு அணி வந்தால் இரண்டு குரூப்பாகப் பிரித்து லீக் வைக்க 12 ஆட்டம், அப்புறம் அரையிறுதி, இறுதி என்று மொத்தம் 15 வேண்டும். ஒரே நாளில் நடக்காது, தெரியும். தோற்றால் வெளியே என்கிற நாக்அவுட்டில் 7 ஆட்டம். அந்த 7-ஐ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் தோற்ற நாலு அணிகளுக்கு இரண்டே இரண்டு ஆட்டம் சேர்த்துப் போடுங்கள். 9 ஆட்டத்தில் எட்டு அணிக்கும் குறைந்தது இரண்டு ஆட்டம் கிடைத்துவிடும். பதினாறு அணி என்றால் 15 ஆட்டத்தோடு 4 சேர்ந்து 19. இந்தக் கணக்கை ஒருநாள் மதியம் கேஸ் சிலிண்டர்க்காரருக்காகக் காத்திருந்தபோது ரசீதின் பின்பக்கம் போட்டேன். 26 வருடமாக ஏன் இது எனக்கே தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது.

குவார்ட்டருக்கு எட்டு நிமிடம் வைத்து, கடைசி இரண்டு நிமிடம் மட்டும் கடிகாரத்தை நிறுத்தினால் ஓர் ஆட்டம் ஐம்பது நிமிடத்தில் முடியும். சேர்க்கும் இரண்டு ஆட்டத்துக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் போதும். சிறப்பு விருந்தினருக்காக நாம் உட்கார்ந்திருந்தது அதைவிட அதிகம். அவரைப் பரிசளிப்புக்கு அழையுங்கள், காலையில் வேண்டாம். வயதுப் பிரிவு மூன்றையும் ஒரே நாளில், ஒரே கோர்ட்டில் முடித்தே தீருவோம் என்றால் மட்டும் என் கணக்கு உதவாது. அப்படி முடிப்பதால்தான் ஆறு நிமிடக் குவார்ட்டரே வருகிறது. பிரிவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

பை, அதாவது முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு, தனி விஷயம். பதினோரு அணி வந்தால் ஐந்து அணிக்குப் பை. (ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "நமக்குப் பை குடுத்திருக்காங்களாம், எங்க டீச்சர்?" என்று என்னைச் சுற்றிச் சுற்றி வந்த கதை உண்டு.) பை வாங்கி நேரே காலிறுதிக்குப் போய் அங்கே தோற்கிற அணிக்கும் அது முதல் ஆட்டம்தான். அவர்களையும் அந்த இரண்டாவது ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஓர் அணி மிஞ்சினால் மூன்று அணியாகச் சுற்றி ஆடவிடுங்கள். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சீட்டுக் குலுக்குவதை மட்டும் எல்லாப் பள்ளி டீச்சர்களையும் வைத்துக்கொண்டு குலுக்குங்கள். பூட்டிய அறையிலிருந்து வெளியே வருகிற ஃபிக்ஸரை, அது நியாயமாகவே இருந்தாலும், யாரும் நம்புவதில்லை.

தோற்றவர்களுக்குள் ஆட்டம் வைத்து யாருக்கு என்ன லாபம் என்று ஒரு நண்பர் கேட்டார். என் அனுபவத்தில் நாளின் நல்ல ஆட்டமே அதுவாகத்தான் இருக்கும். விளையாட்டு விடுதியில் தங்கி, காலையும் மாலையும் கோச் பார்வையில் ஆடுகிற பிள்ளைகளும், மண் தரையில் ஒற்றை ரிங்கோடு பழகிய எங்கள் பிள்ளைகளும் முதல் சுற்றில் மோதினால் என்ன ஆகும்? 62-3 என்று ஓர் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த மூன்றும் எதிரணியின் ஃபவுலுக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோ. ஜெயித்தவர்களுக்கும் அதில் பயிற்சி கிடையாது, தோற்றவர்களுக்கும் கிடையாது. அதே எங்கள் பிள்ளைகளை இன்னொரு மண் தரைப் பள்ளியோடு விட்டுப்பாருங்கள், கடைசி நிமிடம் வரை யாரும் உட்கார மாட்டார்கள். அடுத்த சுற்று என்ற பயமும் அதில் இல்லை. கம்மல் கழற்றிய பிள்ளையைத் தைரியமாக இறக்கலாம்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உள்ளதும் இல்லை. 2009 ஜனவரியில் அமெரிக்காவின் டல்லாஸில் பள்ளிப் பெண்கள் ஆட்டம் ஒன்று 100-0 என்று முடிந்தது. தோற்றது கற்றலில் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கான பள்ளி. ஜெயித்த பள்ளி நிர்வாகமே இது வெட்கக்கேடு என்று மன்னிப்புக் கேட்டு, அந்த வெற்றியை விட்டுத்தர முன்வந்தது. மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை என்று நின்ற கோச்சுக்கு வேலை போயிற்று. கோச் செய்தது சரியா தப்பா என்று அங்கே பெரிய வாக்குவாதம். எனக்கென்னவோ, கோச்சைக் கேட்பதற்கு முன்னால் அந்த இரண்டு அணியையும் எதிரெதிரே நிறுத்திய அட்டவணையைக் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. அந்த நாட்டில் பல மாநிலங்களில், வித்தியாசம் குறிப்பிட்ட புள்ளியைத் தாண்டிவிட்டால் கடிகாரத்தை நிறுத்தாமல் ஓடவிடுவார்கள். நாம் அதை 9-14 ஆட்டத்துக்கே செய்கிறோம்.

இப்போது அந்த ஆறு நிமிடத்துக்கு வருகிறேன். சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளன விதிப்படி குவார்ட்டருக்குப் பத்து நிமிடம், நாலு குவார்ட்டர், விசில் அடிக்கும்போதெல்லாம் கடிகாரம் நிற்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி. பள்ளிப் போட்டியில் அப்படியே வைக்க முடியாது, குறைக்கத்தான் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்குப் பையன்களுக்கு எட்டு நிமிடம் வைத்திருந்தீர்கள், பெண்களுக்கு ஆறு. கேட்டதற்கு, "பாவம், வெயில்ல டயர்டா இருப்பாங்க" என்று ஒருவர் சொன்னார். இந்தப் பாவம் பார்க்கிற வழக்கம் ரொம்பப் பழசு. நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தது 1891-இல். அடுத்த ஓரிரு ஆண்டிலேயே அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த செண்டா பெரன்சன், அவர்கள் களைத்துவிடக் கூடாது என்று கோர்ட்டை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்தார். அவரவர் கட்டத்தைத் தாண்டக் கூடாது, அடுத்தவர் கையிலிருந்து பந்தைப் பிடுங்கக் கூடாது. அந்தக் காலத்தில் அவராவது பெண்களை ஆடவிட்டாரே என்று அவரைக் கும்பிடலாம். அதிலிருந்து வந்த, பாதி கோர்ட்டைத் தாண்டாமல் ஆடும் ஆறு பேர் ஆட்டம் அயோவா மாநிலப் பள்ளிகளில் 1993 வரைக்கும் ஓடியது. நாம் கோடு போடவில்லை, கடிகாரத்தில் வெட்டுகிறோம். எங்கள் பிள்ளைகள் பருத்திக் காட்டில் நாள் முழுக்க வேலை பார்ப்பவர்கள். குவார்ட்டருக்கு இரண்டு நிமிடம் கூடினால் களைத்துப்போக மாட்டார்கள்.

எத்தனை நிமிடம் என்பது உங்கள் முடிவு. அதை ஒரு வாரம் முன்னாலேயே சுற்றறிக்கையில் எழுதிவிடுங்கள், டேபிளில் சொல்லாதீர்கள். எட்டு நிமிடக் குவார்ட்டருக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் விதம் வேறு, ஆறுக்கு வேறு. பந்தும் அப்படித்தான். 6-ஆம் எண் பந்தின் சுற்றளவு 28.5 அங்குலம், 7-ஆம் எண் 29.5. ஐம்பது, அறுபது கிராம் கனமும் கூடும். ஒரு அங்குலம்தானே என்பவர்கள், விரல் சின்னதாக உள்ள பதினாலு வயதுப் பெண் ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து அதை எறிவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பந்து ரிங்குக்கு ஒரு சாண் முன்னாலேயே இறங்கும். காற்று நிற்காத பந்துக்குப் பஞ்சர் பார்க்க என்ன செலவாகும்? அல்லது ஆளுக்கொரு 6-ஆம் எண் பந்து கொண்டுவரச் சொல்லுங்கள், கொண்டுவருகிறோம்.

பஸ் விஷயத்திலும் விதிப்புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டுங்கள். குறித்த நேரத்துக்கு ஐந்து பேரோடு வராத அணிக்குக்கூடப் பதினைந்து நிமிடம் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகுதான் 20-0 என்று எதிரணிக்கு வெற்றி. இங்கே பேர் கூப்பிட்டு மூன்று நிமிடத்தில் வாக்ஓவர் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடிவந்துகொண்டிருந்தார்கள், கேட்டுக்குள் நுழையும்போது எதிரணி கைகுலுக்கி முடித்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை, சில இடங்களில் விதிகளை ரொம்பவும் கறாராகப் பிடிப்பார்கள். போட்டிக்கு ஹிஜாபோடு வந்த பெண்ணிடம் அதைக் கழற்றினால்தான் ஆடலாம் என்று ஒரு நடுவர் சொன்னார். அந்தத் தடையைச் சர்வதேசச் சம்மேளனம் 2017-லேயே எடுத்துவிட்டது. புதுப் புத்தகம் அவர் கைக்கு வரவில்லை போலிருக்கிறது. கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒவ்வொரு வருடமும் தேடுகிறோமே, அதற்கு விதிப்புத்தகமும் தேவையில்லை, ஒரு ஆள் போதும்.

சர்டிஃபிகேட் இல்லாத ஆட்டத்துக்கு எந்தப் பள்ளி நிற்கும் என்றும் அந்த நண்பர் கேட்டார். தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கும்போது சர்டிஃபிகேட்டைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் மாவட்டத்தைத் தாண்டப் போவதில்லை. நம் சென்னையிலிருந்து அனிதா பால்துரை இந்திய அணிக்குக் கேப்டனாகி, 2021-இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவர் படத்தை எங்கள் உடற்கல்வி அறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆனாலும் பிள்ளைகளை நான் பஸ் ஏற்றுவது அதற்காக இல்லை. ஆடுவதற்காக. அவர்கள் நிற்பார்கள், பயப்படாதீர்கள். நாலரை மணிக்கு இரண்டாவது ஆட்டம் என்று சொல்லிப்பாருங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் முன்கூட்டியே எங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள், அதை வைத்துத் தூரத்துப் பள்ளிகளின் ஆட்டத்தை முதலில் போடுங்கள்.

டேபிளுக்கு ஆள் இல்லை என்பது உங்கள் கடைசிக் காரணமாக இருக்கும். எங்கள் பழைய மாணவிகள் நாலு பேர் கல்லூரி அணியில் ஆடுகிறார்கள், ஸ்கோர் ஷீட் எழுதத் தெரியும், ஒரு சனிக்கிழமை என்றால் வருவார்கள். நானும் வருகிறேன். ஒரு குவார்ட்டரில் டீம் ஃபவுல் நாலானதும் கொடியைத் தூக்க எனக்கு இன்னும் கண் தெரிகிறது. பணம் வேண்டாம், பதினொரு மணிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். தேதியை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓர் உடற்கல்வி ஆசிரியை