‘டோக்கியோ ஸ்டோரி’க்கு முன்னால் ஒரு படம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஒரு வரி மட்டும் நெருடியது. வயதான பெற்றோர் பிள்ளைகளுக்குப் பாரமாகிப் போவதை, யார் தலையிலும் பழி போடாமல் முதன்முதலில் சொன்ன படம் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) என்கிற மாதிரி கட்டுரையாளர் எழுதியிருந்தார். அதற்குப் பதினாறு வருடம் முன்பே ஹாலிவுட்டில் லியோ மெக்கேரி அதைச் செய்துவிட்டார். படத்தின் பெயர் ‘மேக் வே ஃபார் டுமாரோ’, 1937. ஓசுவோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய கோகோ நோடா இந்தப் படத்தைப் பார்த்தவர். கரு அங்கிருந்து வந்ததுதான்.

இதனால் ஓசுவின் மாற்று ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் மெக்கேரி பெயரை நம் ஊர் சினிமாப் பேச்சில் யாரும் எடுப்பதே இல்லை. உலக சினிமா என்றால் ஜப்பான், இத்தாலி, ஈரான். ஹாலிவுட் என்றால் சாப்ளின், ஹிட்ச்காக், அப்புறம் நேரே ‘காட்ஃபாதர்’. நடுவில் இருப்பதெல்லாம் வெறும் வியாபாரம் என்று நாமாக முடிவு கட்டிவிட்டோம்.

இத்தனைக்கும் மெக்கேரி சிரிப்புப் படக்காரர். லாரல் - ஹார்டி குறும்படங்களில் வளர்ந்தவர், மார்க்ஸ் சகோதரர்களின் ‘டக் சூப்’பை (1933) இயக்கியவர். சிரிக்க வைக்கத் தெரிந்தவர் எடுத்த சோகப் படம் என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். பனி கொட்டும் நாளில் பிள்ளைகள் பெற்றோர் வீட்டில் கூடியிருக்கிறார்கள். வேலை போய் நாலு வருடமாகிறது, கடனைக் கட்ட முடியவில்லை, வீட்டை வங்கி எடுத்துக்கொள்கிறது என்கிறார் அப்பா பார்க் கூப்பர். காலி செய்ய ஆறு மாதம் தவணை கொடுத்தார்களாம். ‘அப்பாடா’ என்று பிள்ளைகள் மூச்சு விடுகிறார்கள். அந்த ஆறு மாதம் எப்போது முடிகிறது என்று கேட்டால், வருகிற செவ்வாய்க்கிழமை என்கிறார். நாம் சிரித்துவிடுகிறோம். சிரித்து முடிப்பதற்குள் குடும்பம் இரண்டாகிவிடுகிறது. அம்மா லூசி நியூயார்க்கில் மகன் வீட்டுக்கு, அப்பா முந்நூறு மைல் தள்ளி ஒரு மகள் வீட்டுக்கு. இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள யார் வீட்டிலும் இடமில்லை.

அமெரிக்கப் பொருளாதாரம் படுத்துக் கிடந்த பெருமந்தக் காலம் அது. முதியோர் ஓய்வூதியத்துக்கான சட்டம் அமெரிக்காவில் 1935-இல் வந்துவிட்டாலும், மாதாமாதப் பணம் கைக்கு வர ஆரம்பித்தது 1940-இல்தான். அதுவரை பிள்ளைகளை விட்டால் வேறு கதியில்லை.

கட்டுரையாளர் வேறெதையும் பார்க்காவிட்டாலும் சீட்டாட்டக் காட்சி ஒன்றையாவது பார்க்க வேண்டும். மருமகள் அனிட்டா வீட்டில் பிரிட்ஜ் ஆட்டம் சொல்லித் தருகிறாள். அந்த வருமானமும் குடும்பத்துக்குத் தேவை. ஹால் நிறைய நாகரிகமான ஆட்கள், மேஜைக்கு மேஜை சீட்டு. நடுவில் லூசி தன் ஆடும் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்கிறாள். நாற்காலி கிறீச் கிறீச் என்கிறது. எல்லோருக்கும் எரிச்சல், நமக்கும்தான். அப்போது தொலைபேசி மணி அடிக்கிறது. மறுமுனையில் பார்க். தூரத்து ஊரோடு பேசுகிறோம் என்று லூசி உரக்கக் கத்திப் பேசுகிறாள். அங்கே குளிரா, போர்த்திக்கொள்கிறீர்களா என்று விசாரிக்கிறாள். இந்த அழைப்புக்கு ஆன காசில் நல்ல கம்பளிக் கழுத்துத்துணி ஒன்று வாங்கியிருக்கலாமே என்று கடிந்துகொள்கிறாள். சீட்டுகள் அப்படியே கைகளில் நிற்கின்றன. சற்று முன் முகம் சுளித்தவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இவ்வளவும் முடிந்த பிறகும் அனிட்டா மேல் நமக்குக் கோபம் வராது. அவள் வீட்டு ஹால் அது, அவள் பிழைப்பு அது.

பார்க் பக்கத்திலும் ஒரு காட்சி. கண்ணாடி உடைந்துபோனதால் மனைவியின் கடிதத்தை அவரால் படிக்க முடியவில்லை. கடைக்காரர் மேக்ஸ் ரூபன்ஸ் என்ற நண்பர் வாசித்துக் காட்டுகிறார். ஓரிடத்தில் அவருக்கே குரல் எழும்பாமல் நிறுத்திவிடுகிறார். பார்க் போனதும் ரூபன்ஸ் உள்ளே இருக்கும் தன் மனைவியைக் கூப்பிடுகிறார். எதற்கு என்று அவள் வந்து கேட்கிறாள். சும்மா பார்க்கத்தான் என்கிறார். அவ்வளவுதான் காட்சி. நம் ஊரில் எடுத்திருந்தால் அங்கே ஒரு பாட்டு வந்திருக்கும். (நானே எடுத்திருந்தாலும் வைத்திருப்பேன்.)

இந்தக் கதை நமக்குப் புதிதில்லை. பி. ஆர். பந்துலு கன்னடத்தில் எடுத்த ‘ஸ்கூல் மாஸ்டர்’ (1958) ஞாபகம் வரும். இந்தியில் ‘பாக்பன்’ (2003) இருக்கிறது. ஆனால் இவற்றில் பெற்றோரைக் காப்பாற்ற ஒருவர் வந்துவிடுகிறார். ஒன்றில் பழைய மாணவன், இன்னொன்றில் வளர்ப்பு மகன். பெற்ற பிள்ளைகளைத் திட்டித் தீர்த்துவிட்டு நாம் நிம்மதியாக வீடு திரும்பலாம். மெக்கேரி அந்த வசதியைத் தருவதில்லை. லூசியைத் தன் வீட்டில் வைத்திருக்கும் மகன் ஜார்ஜ், அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதைச் சொல்ல வருகிறான். வாய் வரவில்லை. அதைப் புரிந்துகொண்டு லூசியே முந்திக்கொள்கிறாள். தனக்கே அங்கே போக ஆசை, அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்கிறாள். பிள்ளைகளிலேயே நீதான் எனக்குச் செல்லம் என்றும் சொல்கிறாள். அந்த நிமிடத்தில் ஜார்ஜைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நான் அவன் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்றுதான் யோசனை போனது.

குறை இல்லாமல் இல்லை. பேத்தி ரோடா சம்பந்தப்பட்ட பகுதி கொஞ்சம் இழுவை. கடைசி அரைமணி நேரத்துக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பார்க் கலிபோர்னியாவுக்கு ரயில் ஏறுவதற்கு முன் இருவருக்கும் நியூயார்க்கில் ஒரு பிற்பகல் கிடைக்கிறது. ஐம்பது வருடம் முன்பு தேனிலவுக்கு வந்த அதே ஹோட்டலுக்குப் போகிறார்கள். யாரென்றே தெரியாத ஹோட்டல்காரர்கள் இவர்களை மரியாதையாக நடத்துகிறார்கள். பிள்ளைகள் வீட்டில் சமைத்து வைத்துக் காத்திருக்க, வரவில்லை என்று பார்க் தொலைபேசியில் சொல்லிவிடுகிறார். முத்தம் கொடுக்க நெருங்கும்போது லூசி சட்டென்று கேமராவைப் பார்த்து, அதாவது நம்மைப் பார்த்து, கூச்சத்தோடு விலகிக்கொள்கிறாள். லூசியாக நடித்த பியூலா போண்டிக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை என்றால் நம்ப முடிகிறதா?

முடிவை மாற்றச் சொல்லி, படத்தைத் தயாரித்த பாரமவுண்ட் நிறுவனத்தின் தலைவர் அடால்ஃப் ஸுகோர் கேட்டுப் பார்த்தார். மெக்கேரி மசியவில்லை. படம் ஓடவில்லை, நிறுவனம் அவரை அனுப்பிவிட்டது. அதே ஆண்டு வேறு இடத்தில் எடுத்த ‘தி ஆஃபுல் ட்ரூத்’ என்ற நகைச்சுவைப் படத்துக்கு அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. நன்றி, ஆனால் தவறான படத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்றார் மேடையில். 2010-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ‘மேக் வே ஃபார் டுமாரோ’வைப் பாதுகாக்க வேண்டிய படங்களின் தேசியப் பட்டியலில் சேர்த்தது.

ஒரு வேண்டுகோள். ஓசு தொடர் முடிந்ததும் முப்பதுகளின் ஹாலிவுட் பக்கம் உங்கள் கட்டுரையாளரைக் கொஞ்சம் திருப்பிவிடுங்கள். இந்தப் படத்தின் வசனங்களை வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியட்டும் என்று தமிழில் சப்டைட்டிலாக எழுதி வைத்திருக்கிறேன். திரையிட நினைக்கும் திரைப்படச் சங்கம் ஏதாவது உங்கள் அலுவலகம் மூலம் கேட்டால் அனுப்பி வைக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அவர்களே திருத்திக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்