ஆண்டறிக்கை 2024–25: நடைப்பயிற்சிச் சங்கப் பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இது வாட்ஸ்அப்பில் வரும்.

குடியரசு நாளில் கொடியேற்றினோம். கண் பரிசோதனை முகாம் நடந்தது. பொங்கல் விழா வழக்கம்போல் சிறப்பு. செயற்குழு விதிப்படி கூடியது. கோரம், அதாவது கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச வருகை, இருந்த நாட்களும் உண்டு.

இனி ஒலி நடை, அதாவது நடந்து போய் ஊரின் ஓசைகளைக் காது கொடுத்துக் கேட்பதும் பதிவு செய்வதும். "நடைப்பயிற்சிச் சங்கத்துக்கு ரெக்கார்டர் எதற்கு?" என்ற பேச்சு என் காதுக்கும் வந்ததால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கருவி சங்கத்தின் சொத்து. இருப்புப் பதிவேட்டில் ஏற்றியாகிவிட்டது. அது என் வீட்டில் இருப்பதற்குக் காரணம், சங்க பீரோவுக்குப் பூட்டு இல்லாததுதான்.

இது நான் கண்டுபிடித்த பைத்தியமும் அல்ல. கனடாவில் இசையமைப்பாளர் மரே ஷேஃபரின் குழு 1973இலேயே வான்கூவர் நகரின் ஓசைகளை இசைத்தட்டாக வெளியிட்டது. அந்தக் குழுவில் இருந்த ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப், ஒலி நடை என்றால் என்ன என்று மறு ஆண்டே கட்டுரை எழுதினார். நம் சென்னை ஜார்ஜ் டவுனில் அவர்களுக்குக் கிடைக்காத சரக்கு இருக்கிறது.

ஆர்மேனியன் தெருவில் 1772இல் எழுந்த தேவாலயத்தின் ஆறு மணிகளை மதில் ஓரமாக நின்று பதிவு செய்தோம். ஆண்டர்சன் தெருவில் ஞாயிறு போனால் ஷட்டர்தான். அதனால் ஒரு சனிக்கிழமை போய், காகிதம் வெட்டும் இயந்திரத்தின் ஓசையைப் பிடித்தோம். ரிச்சி தெருவில் டீக் காசுக்குக் கிடைக்கும் பீசோ வில்லையை, அதாவது அதிர்வை மின்சாரமாக மாற்றும் சிறு தகட்டை, ஒயரில் பற்றவைத்துக் கடற்கரை ரயில் நிலைய நடைமேம்பாலத்தின் கைப்பிடியில் ஒட்டினோம். காற்றில் வரும் சத்தத்தை அது ஏறக்குறைய விட்டுவிடும். இரும்புக்குள் ஓடும் அதிர்வைத்தான் எடுக்கும். எந்தப் படியில் யார் கால் வைத்தாலும் தெரிந்தது.

அதைவிட விசேஷம் காந்தச் சுருள். மின்கருவிகளைச் சுற்றியுள்ள காந்தப் புலத்தைப் பிடித்து ஓசையாக்கித் தரும் கம்பிச் சுருள் இது. கிறிஸ்டினா குபிஷ் என்ற ஜெர்மானியக் கலைஞர் இருபது ஆண்டுகளாக இதற்கென்றே செய்த ஹெட்போனை மாட்டி ஊர் ஊராக மக்களை நடத்திச் செல்கிறார். நாம் பழைய டெலிபோன் சுருளை ரெக்கார்டரில் செருகிக்கொண்டோம். என்.எஸ்.சி. போஸ் சாலையில் எல்.இ.டி. பலகைகளும் ஏ.டி.எம்.களும் ஆளுக்கொரு சுருதியில் இரைகின்றன. வெறும் காதில் இவை எதுவும் விழாது.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். அத்தகைய மண்டலத்தில் பகலில் 50 டெசிபல்தான் வரம்பு. உயர் நீதிமன்ற வாசலில் நின்று பார்த்தோம். பஸ் ஹாரனுக்கு அந்த விதியை யாரும் வாசித்துக் காட்டவில்லை போலும்.

ஒலி நடையில் ஒரே ஒரு விதி, பேசக் கூடாது. தேவாலய மணிப் பதிவில் நம் உறுப்பினர் ஒருவரின் சர்க்கரை அளவு, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், மணியைவிடத் தெளிவாகக் கேட்கிறது. பெயர் சொல்ல விரும்பவில்லை. குரலை வைத்து எல்லோரும் கண்டுபிடித்துவிடுவீர்கள். நடைக்கு "கட்டாயம் வருகிறேன்" என்று கைகூப்பும் படம் அனுப்பியவர்களை நேராக டிபன் கடையில்தான் பார்க்க முடிந்தது. அங்கே மட்டும் கோரம் குறையவே இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் விளக்குவார். பொதுவாக வரவுக்கு ஏற்ற செலவு; சிறிய பற்றாக்குறை ஒன்று உண்டு, அது பழைய சந்தா பாக்கி வந்தால் தீர்ந்துவிடும். பாக்கியுள்ளோர் பட்டியலை இந்த முறை ஒட்டவில்லை. பலகையில் இடம் போதவில்லை.

இடம் தந்த கல்யாண மண்டபத்தாருக்கும், நாற்காலி தந்தவருக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் காசிமேட்டு மீன் ஏலத்தை விடியலில் பதிவு செய்ய எண்ணம். நல்ல தரத்தில் ஸ்டீரியோவாக எடுத்தால் மணிக்கு ஒரு ஜிபி பிடிக்கிறது. ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. செயலாளர் பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்றால் மகிழ்ச்சியோடு ஒதுங்கிக்கொள்வேன். கருவியையும் சுருளையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்றே ஒப்படைப்பேன். போன ஆண்டும் இதையே சொன்னேன், எவரும் முன்வரவில்லை. இந்த ஆண்டும் முன்வராவிட்டால், ஹார்ட் டிஸ்க் வாங்க உங்கள் சம்மதம் கிடைத்ததாகவே எடுத்துக்கொள்வேன். ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது, ஜிபேயும் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்