கரும்பலகைய திரும்ப மாட்டித் தரச் சொல்லி ஒரு கோரிக்கை மனு

பெறுநர்: கல்வி துணை இயக்குநர் அவர்கள், பாலக்காடு.

அனுப்புநர்: கொழிஞ்சாம்பாறை பக்கத்துல தமிழ் மீடியத்துல புள்ளைகளப் படிக்க வெக்கிற பெத்தவங்க.

ஐயா, வணக்கமுங்க.

2018ல கேரள அரசோட ஹைடெக் ஸ்கூல் திட்டம் வந்து எட்டாங்கிளாஸ்ல இருந்து பன்னெண்டு வரைக்கும் மாநிலம் பூரா 45,000 கிளாஸ்ரூமுக்கு லேப்டாப், புரொஜக்டர்னு கொடுத்தப்ப எங்க புள்ளைக படிக்கிற ஸ்கூலுக்கும் வந்துச்சு, ரொம்ப சந்தோசப்பட்டோம், இப்பவும் அதக் குறை சொல்ல வரலீங்க. இதயத்துல ரத்தம் எந்த அறையில இருந்து எந்த அறைக்குப் போகுதுன்னு படம் ஓட்டிக் காட்டுன அன்னைக்கு எம்பொண்ணு வீட்டுக்கு வந்து நாலு கிண்ணத்துல ரசத்த ஊத்தி எனக்கே பாடம் நடத்துனா. நான் படிச்சப்ப எங்க சார் அதே இதயத்த கலர் சாக்பீஸ்ல வரைஞ்சு முடிக்கறதுக்குள்ள பெல் அடிச்சுரும், எம்மனசுல அது மாங்காயாத்தான் நின்னுச்சு.

கணக்கு அப்படி இல்லீங்களே. திரை மாட்டறதுக்காக சொவத்துல இருந்த கரும்பலகைய எடுத்துட்டாங்க, இப்ப ஓரமா ஒரு சின்ன வெள்ளை போர்டுதான், ஜன்னல் வெளிச்சம் பட்டா கண்ணு கூசி கடைசி பெஞ்சுக்கு ஒண்ணுந் தெரியாது. திரையில கணக்கு ஓடுனா அடுத்த பக்கம் வந்ததும் முன்னாடி போட்ட வரி போயிருது, புள்ள எழுதி முடிச்சிருக்காது. கரும்பலகைன்னா மொத வரியில இருந்து விடை வரைக்கும் அப்படியே நிக்கும், அதோட சார் ஒருத்தன எழுப்பி சாக்பீஸ கையில குடுப்பாரு, அவன் எந்த வரியில சறுக்குனான்னு கிளாஸே பாக்கும், அந்தத் தப்ப அப்புறம் யாரும் பண்ண மாட்டாங்க (நானே மைனஸ் குறிய விட்டுட்டு அப்படி நின்னவன்தான்).

இன்னொண்ணு, ஓட்டுற படம் முக்காவாசி மலையாளம். எங்க ஊர்ல எல்லாரும் மலையாளம் பேசுவோம், அது பிரச்சனை இல்ல, ஆனா பொஸ்தகத்துல ஒளிச்சேர்க்கைன்னு இருக்கு, திரையில ப்ரகாசஸம்ஸ்லேஷணம்னு வருது, ரெண்டும் ஒண்ணுதான்னு டீச்சர் படத்த நிறுத்தி நிறுத்தி சொல்லித்தான் புரிய வெக்கணும். எஸ்.எஸ்.எல்.சி. கேள்வித்தாள் தமிழ்லதான வருது, அப்ப படமும் தமிழ்ல வேணுங்கல்ல? கொரோனா சமயத்துல அரசோட விக்டர்ஸ் கல்விச் சேனல்ல ஃபர்ஸ்ட் பெல்னு நடத்துன ஆன்லைன் கிளாஸ தமிழ்லயும் எடுத்தாங்க, முடியாத காரியம் இல்ல.

ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல கரண்டு போனா அந்தப் பீரியடே போச்சு, அத நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

சாக்பீஸ் தூசி டீச்சருங்களுக்கு ஆகாதுன்னு ஒரு பேச்சு இருக்கு, அது நெசந்தான், ஈரத்துணியில தொடைச்சா பறக்காது. போர்டுக்கு செலவுன்னு சொன்னாங்கன்னா, முன்னாடி ஊமத்தை எலையும் அடுப்புக்கரியும் அரைச்சு வருசா வருசம் பூசுன ஆளுக இன்னும் ஊர்ல இருக்கோம், லீவு நாள்ல வந்து நாங்களே பூசித் தர்றோம்.

அதனால புரொஜக்டர் அங்கயே இருக்கட்டும், அதுக்குப் பக்கத்துச் சொவத்துல ஒரு பெரிய கரும்பலகை வெக்க ஸ்கூலுக்கு உத்தரவு போடுங்க, எட்டு ஒம்பது பத்து மூணு கிளாஸுக்கும் சயின்ஸ் கணக்குப் படங்கள தமிழ்ல அனுப்பி வெக்க ஏற்பாடு பண்ணுங்க. பரீட்சைக்கு முந்தி நடந்தா இந்த வருசத்துப் புள்ளைகளுக்கே உதவும்.

இப்படிக்கு,
தமிழ் மீடியம் பெற்றோர்
(கையெழுத்துப் பக்கம் தனியா வெச்சிருக்கோம்)