மாந்தோப்பு ஆஸ்பத்திரியில் ஓர் இரவு

கிருஷ்ணகிரி

அன்புள்ள நண்பா,

உன் மகளின் திருமணச் செய்தி அறிந்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். நான் எழுத நினைத்தது வேறொரு செய்தி.

ஊருக்கு வெளியே மாந்தோப்புகளைத் தாண்டி இருந்த அந்தச் சிறிய ஆஸ்பத்திரி உனக்கு நினைவிருக்கும். அது மூடிக் கிடந்து பாழடைந்த பிறகு, அங்கே பிரசவத்தில் இறந்த பெண்ணொருத்தி இரவில் தன் குழந்தையைத் தேடி அலறுகிறாள் என்ற பேச்சு பரவி, பொழுது சாய்ந்தால் ஆடு ஓட்டி வருகிறவர்கள்கூடச் சுற்றுவழியில்தான் போகிறார்கள். ஆவிகளைப் பற்றி ஆய்வு செய்யும் இளைஞர்கள் மூவர் பெங்களூரிலிருந்து வந்தபோது, கட்டட உரிமையாளரிடம் அனுமதி பெற்றுத் தந்து, நானும் ஓர் இரவு அவர்களோடு தங்கினேன்.

மின்காந்தப் புலத்தை அளக்கும் சிறு கருவியைப் பிரசவ அறையில் வைத்ததும் அதன் விளக்குகள் மளமளவென எரிந்தன. மின்இணைப்பே இல்லாத கட்டடத்தில் இது எப்படி என்று பிள்ளைகள் வெலவெலத்துப் போனார்கள். எல்லோருடைய கைபேசிகளையும் அணைக்கச் சொன்னேன், விளக்குகளும் அணைந்தன. நள்ளிரவுக்குப் பிறகு அந்த அலறல் கேட்டது. உண்மையைச் சொன்னால், எனக்கும் உடல் சிலிர்த்தது. டார்ச்சோடு மாடிக்குப் போனால், உடைந்த கூரையடியில் ஒரு கூகை, நம் பக்கத்தில் சாக்குருவி என்று சொல்வோமே, அதுதான் குஞ்சுகளோடு இருந்தது. அதன் வெளுத்த முகமும், சிறகோசையே இல்லாமல் அது பறந்து போன விதமும், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வெள்ளைப் புடவை கட்டிய பெண்ணாகத் தோன்றியிருந்தால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் விக் டேண்டி என்ற பொறியாளர் தம் ஆய்வுக்கூடத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்றைக் கண்டு அஞ்சியதையும், காற்றை வெளியேற்றும் மின்விசிறி எழுப்பிய சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வே அதற்குக் காரணம் என்று 1998இல் எழுதியதையும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். மனிதக் காதுக்கு எட்டாத ஒலி அது. ஆனால் 2009இல் வெளியான லண்டன் ஆய்வில், அத்தகைய ஒலியையும் காந்தப் புலத்தையும் ஓர் அறைக்குள் செலுத்திப் பார்த்தபோது, அவை இருந்ததாலும் இல்லாததாலும் அங்கிருந்தவர்களின் அனுபவத்தில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. எதிர்பார்க்கும் மனமே காரணமாக இருக்கலாம் என்பதே அந்த ஆய்வாளர்கள் கருத்து. அன்றிரவு எடுத்த ஒலிப்பதிவில் அதையே நாங்கள் கண்டோம். இரைச்சலுக்கு நடுவே 'வா' என்று ஒரு பெண்குரல் கேட்பதாக மூவரும் சொன்னார்கள். கதை தெரியாத என் பேரனிடம் மறுநாள் போட்டுக் காட்டினேன். கதவு கிறீச்சிடுகிறது என்றான்.

இவ்வளவு கருவிகளைச் சுமந்து வந்தவர்களுக்கு, இறந்தவள் யார் என்று ஊருக்குள் போய்க் கேட்கத் தோன்றவில்லையே என்பதுதான் என் மனத்தாங்கல். நான் கேட்டேன். அவளுடைய மகள் அடுத்த தெருவிலேயே இருக்கிறாள். பிரசவத்துக்குப் பிறகு இரத்தப்போக்கு நிற்காமல் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். 108 வண்டி தமிழ்நாட்டுக்கு வந்ததே 2008இல்தானே. அவள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே இல்லை, வழியிலேயே உயிர் போய்விட்டது. "எங்கம்மா படியேறாத கட்டடத்துல எங்கம்மாவப் பேயாக்கி வச்சிருக்காங்க" என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. பள்ளிக்கூடத்திலும் அவளைப் 'பேய் மகள்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். இதைச் சொல்லி, அந்த 'வா' ஒலிப்பதிவை யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று இளைஞர்களைக் கேட்டுக்கொண்டேன். இருவர் சம்மதித்தார்கள், மூன்றாமவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

உன் அம்மா அந்த நாட்களில் அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு நர்சாக இருந்தார்கள் அல்லவா? மாட்டுவண்டியோடு அவர்களும் கூடப் போனதாக அந்த மகள் கேள்விப்பட்டிருக்கிறாளாம். தாயின் முகம்கூட அவளுக்குத் தெரியாது, ஒரு படமும் இல்லை. அம்மாவுக்கு நினைவிருந்தால், அவள் எப்படி இருந்தாள், கடைசியில் என்ன பேசினாள் என்று பொறுமையாகக் கேட்டு எழுது. நானே கொண்டுபோய் அந்தப் பெண்ணுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்