கைக்குழந்தையோடு ஓட்டலுக்கு வரலாமா?

குன்னூர்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு நான்கு மாதம் நிறைந்துவிட்டதா! மலர்க் கண்காட்சிக்கு மூவரும் வருகிறீர்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால், "வெளியில் குழந்தை பசித்து அழுதால் என்ன செய்வது, சாப்பாட்டை லாட்ஜுக்கே வரவழைத்துக்கொள்கிறோம்" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்து மனம் கஷ்டப்பட்டது.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம் என்கிறார்கள் டாக்டர்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்கிற உன் மகள் எத்தனை நாள் அறைக்குள் அடைந்து கிடப்பாள்? உட்கார்ந்த இடத்திலேயே கொடுக்கட்டும்.

போன சீசனில் எங்கள் ஓட்டலுக்குத் தூறலில் நனைந்தபடி ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் சால்வையை இழுத்துவிட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கணவன் தோசையைப் பிட்டு அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து டேபிள்காரர் கல்லாவுக்கு வந்து, அவளைப் பாத்ரூம் பக்கம் அனுப்பச் சொன்னார். "ஜன்னலோரம் இடம் இருக்கிறது, நீங்கள் மாறிக்கொள்ளுங்கள்" என்றேன். மாறிக்கொண்டார். அவளுக்கு ஒரு சொம்பு வெந்நீர் கொடுத்தனுப்பினேன். பால் கொடுக்கும்போது தொண்டை வறளும்.

அதே கூடத்தில் நான்கு வயதுப் பையன் ஒருவன் டேபிள்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கொதிக்கும் சாம்பார் வாளியோடு வந்த சப்ளையர், பிள்ளை மேல் படாமல் வாளியைத் திருப்பியதில் தன் மணிக்கட்டில் கொட்டிக்கொண்டான். தோல் வழன்றுவிட்டது. கண்டிக்க வேண்டியது இதைத்தான். சாப்பாடு வரும்வரை பெற்றோரில் ஒருவர் பிள்ளையை வாசலில் உலாவ விடலாமே! பிள்ளைக்கான இட்லியை முதலில் கேட்டு வாங்கி ஆறவைக்கலாம். சாப்பிடுகிற டேபிளில் டயப்பர் மாற்றுவதும் கூடாது. அதற்கு எங்கள் அறையைத் திறந்துவிடுவேன்.

2015இல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது நல்ல காரியம். பொது இடங்களில் இத்தகைய வசதி வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. மறைவு வேண்டுமென்று நினைக்கிற தாய்க்கு அது அவசியம். போன மாதம் நான் பார்த்த ஓர் அறையில் துடைப்பமும் உடைந்த நாற்காலிகளும் கிடந்தன. எரிச்சலாக வந்தது. ஆனால் அறை சுத்தமாகவே இருந்தாலும், 'அங்கே போ' என்று ஒரு தாயை யாரும் விரட்டக் கூடாது.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது குழந்தைக்குக் காது அடைக்கும். பஸ்ஸிலேயே பால் கொடுக்கச் சொல். விழுங்க விழுங்க அடைப்பு விலகும். ஜன்னலோரம் மகளை உட்காரவைத்து, பக்கத்தில் நீ உட்கார்ந்துகொள். கம்பளிக் குல்லாயைப் பெட்டிக்குள் வைக்காதே, பர்லியாறு தாண்டினால் குளிரும்.

புறப்படும் தேதியை எழுது.

அன்புடன்,
உன் தோழி