முன்னால் வெளிச்சம், பின்னால் இருட்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் புதிய கார்களைப் பற்றி வந்த கட்டுரையில், பகலிலும் காரின் முன்பக்கம் எரியும் டிஆர்எல் (DRL) விளக்குகள் பாதுகாப்பானவை என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எதிரே வருகிறவருக்குப் பாதுகாப்புதான், மறுக்கவில்லை. பின்னால் வருகிறவரின் கதை வேறு.

இங்கே தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஹில்டனுக்கு ஏறும் டவுன் ஹில் (Town Hill) மலைப்பாதையில் மூடுபனி எப்படி இறங்கும் என்பது N3 நெடுஞ்சாலையில் போய்வருகிற எல்லோருக்கும் தெரியும். லாரிகள் முக்கிமுக்கி ஏறிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவே திடீரென்று ஒரு சாம்பல் நிறக் கார் முளைக்கும். பின்னால் ஒரு பொட்டுச் சிவப்புகூட இருக்காது. அதைத் தாண்டிப் போய்க் கண்ணாடியில் பார்த்தால், முன்பக்கம் மட்டும் பளீரென்று இரண்டு எல்இடி கோடுகள்! விளக்குப் போட்டிருப்பதாகவே அந்த ஓட்டுநர் நம்பிக்கொண்டிருப்பார்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. டிஆர்எல் இன்ஜினோடு தானாக எரியும், ஹெட்லைட் போட்டதும் அணையும் அல்லது மங்கும். பல கார்களில் அது எரியும்போது பின்விளக்கு எரிவதில்லை. முன்பெல்லாம் டேஷ்போர்டு இருட்டாக இருந்தாலே விளக்குப் போடவில்லை என்று தெரிந்துவிடும். இப்போதைய திரைகளோ எந்நேரமும் ஒளிர்கின்றன. சரி, சுவிட்ச் 'ஆட்டோ'வில்தானே இருக்கிறது என்பார்கள். அந்த சென்சார் அளப்பது வெளிச்சத்தை மட்டும்தான். காலை பத்து மணி மூடுபனி வெள்ளைவெளேரென்று இருப்பதால், விளக்குத் தேவையில்லை என்று அது சும்மா இருந்துவிடும். நம் நாட்டுச் சட்டமோ இரவுக்கு மட்டுமல்ல, 150 மீட்டர் தூரத்தில் ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரியாத எந்த நேரத்திலும் விளக்குப் போடச் சொல்கிறது.

இன்னொன்று. இண்டிகேட்டர் போட்டால் பல கார்களில் அந்தப் பக்கத்து டிஆர்எல் மங்கும் அல்லது அணைந்துவிடும். பக்கத்திலேயே மின்னும் மஞ்சள் விளக்கு எடுபட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். என் மைத்துனர் பழுது என்று நினைத்துக் காரை கராஜுக்கே கொண்டுபோய்விட்டார்.

ஐரோப்பாவில் 2011 முதல் புது மாடல் கார்களுக்கு டிஆர்எல் கட்டாயம். கனடாவில் அதற்கும் வெகு முன்பே, 1990 வாக்கிலேயே வந்துவிட்டது. பின்பக்கம் இருட்டாக ஓடும் கார்களின் தொல்லையைப் பார்த்து, அங்கே 2021 செப்டம்பரிலிருந்து புது வண்டிகளுக்கு ஒரு விதி வைத்தார்கள்: டிஆர்எல்லோடு பின்விளக்கும் எரிய வேண்டும், இல்லையென்றால் இருட்டில் எல்லா விளக்கும் தானாக எரிய வேண்டும், அதுவும் இல்லையென்றால் ஓட்டுநருக்கு உறைக்கும்படி டேஷ்போர்டாவது இருட்டாக இருக்க வேண்டும். எங்கள் மலைப்பாதைக்கு முதலாவதுதான் சரிப்படும். மற்ற இரண்டும் பகல் மூடுபனியில் உதவாது. நம் போக்குவரத்துத் துறை அதை யோசிக்கட்டும்.

அதுவரை, புதுக் காரைக் கையில் கொடுக்கும்போது போனை இணைப்பது எப்படி என்று அரை மணி நேரம் சொல்லித்தரும் விற்பனையாளர்கள், லைட் சுவிட்சுக்கு ஒரு நிமிடம் ஒதுக்கினால் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா