ஹால் சுவருக்குள் பைப் இல்லாமல் குறுக்கே போகும் வயர் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

தாம்பரம் அருகே நீங்கள் கட்டிக் கொடுத்த குடியிருப்பில், சி பிளாக் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். சாவி வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. போன மாதம் 4ஆம் தேதி ஞாயிறு காலை, அப்பாவின் திதிக்கு முன்னால் அவர் படத்தை ஹாலில் மாட்டிவிடலாம் என்று என் தம்பி சுவரில் டிரில் போட்டான். அரை விரல் ஆழம்கூட இறங்கியிருக்காது. பட்டென்று ஒரு வெடிச் சத்தம், நீல வெளிச்சம், மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்ச் விழுந்துவிட்டது. டிரில்லின் உடம்பு பிளாஸ்டிக் என்பதால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிட்டின் நுனி மட்டும் உருகி, கடுகு அளவுக்கு ஒரு உருண்டையாக நிற்கிறது. அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

"வயர் இருக்கும் இடத்தில் நீங்கள் ஏன் ஓட்டை போட்டீர்கள்" என்று உங்கள் சைட் இன்ஜினியர் போனில் கேட்டார். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்வியால்தான்.

பார்க்காமல் போடவில்லை, ஐயா. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயோ கீழேயோ ஆணி அடிக்கக் கூடாது என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் துளை போட்ட இடத்துக்கு மேலே, கீழே, இரண்டு பக்கமும் சுவிட்ச், பிளக், லைட் பாயின்ட் எதுவும் கிடையாது. தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் வெறும் சுவர். அங்கே வயர் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

எலக்ட்ரீஷியனை வரவழைத்துப் பூச்சை உடைத்துப் பார்த்தோம். எம்சிபிகள் இருக்கும் வாசல் பக்கத்து டிபி பாக்ஸிலிருந்து படுக்கையறை ஏசி பாயின்டுக்குப் போகும் வயர், ஹால் சுவரில் கோணலாக ஏறிப் போகிறது. டிபியிலிருந்து நேராக மேலே ஏற்றி, கூரையை ஒட்டிக் கொண்டு போய், ஏசிக்கு நேராகக் கீழே இறக்கியிருக்க வேண்டிய வயர் அது. குறுக்கே இழுத்ததில் ஆறேழு அடி வயரும் பைப்பும் மிச்சமாகியிருக்கும், அவ்வளவுதான். பிவிசி பைப் டிரில்லைத் தடுக்காது, அது எனக்கும் தெரியும். சுவருக்குள் இருக்கும் வயருக்குக் காவல் அது போகிற வழிதான். படுக்கைவாட்டிலோ செங்குத்தாகவோ போனால், பாயின்ட்டைப் பார்த்தே வயர் எங்கே இருக்கும் என்று ஊகித்துவிடலாம். கோணலாகப் போட்ட வயரை எதை வைத்து ஊகிப்பது?

அப்புறம் பார்த்தவை இன்னும் மோசம். நாலடி நீளத்துக்குப் பைப்பே இல்லை. காடியில் வயரை வைத்து, வளைத்த ஆணியால் பிடித்து, மேலே சிமென்ட் பூசியிருக்கிறார்கள். பூச்சு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. காலண்டர் மாட்ட ஆணி அடித்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். பைப் இருந்தால் பழைய வயரை உருவிப் புது வயரை இழுக்கலாம். இங்கே சுவரை உடைக்காமல் எதுவும் செய்ய முடியாது. நடுவில் ஒரு ஜாயின்ட். அதற்கு ஜங்ஷன் பாக்ஸ் இல்லை, முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள். எலக்ட்ரீஷியன் தொட்டதும் டேப் பிசுபிசுவென்று விரலோடு வந்துவிட்டது. டிபியிலிருந்து ஜாயின்ட் வரை நாலு ஸ்கொயர் எம்எம் வயர், அதற்கு அப்புறம் அதைவிட மெல்லிய இரண்டரை. 25 ஆம்பியர் எம்சிபி நாலு ஸ்கொயருக்காகப் போட்டது. இரண்டரை வயர் அளவுக்கு மீறிச் சூடேறினாலும் அது விழாமல் இருக்கும். பச்சை எர்த் வயர் ஜாயின்ட்டோடு நின்றுவிட்டது. அதாவது பதினான்கு மாதமாக எங்கள் ஏசிக்கு எர்த்தே கிடையாது. எழுபது வயதைத் தாண்டிய என் அம்மா அந்த அறையில்தான் படுக்கிறார்.

மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறீர்கள். டிபியில் இருப்பது கையால் மட்டும் போட்டு அணைக்கும் சாதாரண ஐசோலேட்டர். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்; ஆனால் ஆர்சிசிபியில் சோதித்துப் பார்க்க ஒரு சின்ன பட்டன் உண்டு, இதில் அது இல்லை. மனித உடம்பு வழியாக மின்சாரம் கசிந்தால் எம்சிபி விழாது. அதற்குத்தான் ஆர்சிசிபி.

உங்கள் ஆள் வந்து, டேப் சுற்றிப் பூசி பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்றார். நான் சம்மதிக்கவில்லை. சுவரைத் திறந்தபடியே வைத்திருக்கிறேன், அந்த லைனை அணைத்திருக்கிறேன். இந்த வெயிலில் அம்மா ஃபேன் காற்றில்தான் தூங்குகிறார்.

எனக்கு வேண்டியது இதுதான். அந்த லைனை முழுவதும் எடுத்துவிட்டு, நேர் வழியில், பைப்புக்குள், ஜாயின்ட் இல்லாத நாலு ஸ்கொயர் வயரும் எர்த்தும் புதிதாகப் போட வேண்டும். ஆர்சிசிபி பொருத்த வேண்டும். மற்ற லைன்களையும், வயரின் இன்சுலேஷனை அளக்கும் மெகர் கருவி வைத்துச் சோதித்து, அளவுகளை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். எந்தச் சுவரில் எந்த வயர் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று ஒரு வரைபடம் வேண்டும். பூசுவதற்கு முன்னால் எடுத்த போட்டோ இருந்தால் அதையும் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், எங்கள் பிளாக்கில் இருக்கும் மற்ற வீட்டுக்காரர்களுக்கு இன்றைக்கே எழுதிச் சொல்லுங்கள். வயரிங் செய்தது ஒரே ஆட்கள்தான். மூன்றாம் மாடியில் அடுத்த வாரம் அலமாரி மாட்ட ஆசாரி வருகிறார். நான் போய்ச் சொல்லிவிட்டேன், ஆனால் ஒவ்வொரு கதவையும் நானே தட்ட முடியாது.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, பிரிவு 14(3)இன்படி, வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுக்குள் வேலைத் தரத்தில் குறை தெரிந்தால், சொன்ன 30 நாளுக்குள் செலவு வாங்காமல் சரிசெய்து தருவது உங்கள் பொறுப்பு. 4ஆம் தேதி போனில் சொன்னேன், 5ஆம் தேதி படங்களை அனுப்பினேன். அந்தக் கெடு தாண்டினால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

வேலைக்கு வருகிறவர் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனாக இருக்கட்டும். காலை பத்து மணிக்கு மேல் எந்த நாளும் வரலாம், அம்மா வீட்டில் இருப்பார். எங்கள் எலக்ட்ரீஷியன் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் சுவரைப் பூச விடுவேன்.

இப்படிக்கு,
சி பிளாக், இரண்டாம் மாடி வீட்டு உரிமையாளர்

இணைப்பு: சுவரின் படங்கள், ஒப்பந்தத்தில் மின்வேலை பற்றிய பக்கத்தின் நகல்